முகத்துக்கு நேரே

எங்கள் நர்சிங் ஹோமில் யாரும் யாரைப் பற்றியும் மூலையில் நின்று புலம்ப முடியாது. எங்களோடு வேலை பார்த்த நர்ஸ் அக்காவின் காதில் விழுந்துவிடும். விழுந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சம்பந்தப்பட்ட ஆளின் முன்னால் நிறுத்திவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது நடந்தது. பெண்ணாடத்திலிருந்து வந்தவள் நான். அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. நர்சிங் டிப்ளமோ முடித்ததும் சிதம்பரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இடம் கிடைத்தது. காயத்துக்குக் கட்டுப் போடும்போது கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். பெரிய டாக்டர் ட்ரேயைத் தட்டிவிட்டார். பஞ்சும் பாத்திரமும் தரையெல்லாம் சிதறின. உடை மாற்றும் அறைக்கு ஓடிப்போய் என் கூட வேலை பார்த்த ஸ்டெல்லாவிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"யார் மேல கோவம்?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா ஏன் அழுவுற? டாக்டர் மேல கோவம்னா டாக்டர்கிட்ட சொல்லு. ஸ்டெல்லா என்னா பண்ணுவா, பாவம்?"

அடுத்த நிமிடம் நான் டாக்டர் அறையில் நின்றேன். அக்கா என் மணிக்கட்டை விடவே இல்லை.

"சார், இந்தப் புள்ளைக்கு உங்க மேல கோவமாம். கேட்டுக்கங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா என் விலாவில் ஒரு இடி இடித்தார். "ட்ரேய தட்டிவிட்டீங்க சார்" என்று எப்படியோ சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "சரிம்மா, சரி, போய் வேலையப் பாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்த்து எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். எதையும் தட்டிவிட்டதில்லை.

அக்கா குள்ளம். கனத்த உடம்பு. வராந்தாவில் நடந்து வந்தால் வார்டில் படுத்திருப்பவர்களுக்கே தெரியும். தினமும் கடலூர் ஓல்ட் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கோபம் வரும்போது குரல் உயராது, தாழ்ந்துவிடும். அதுதான் எங்களுக்குப் பயம். கத்துகிற ஆட்களைச் சமாளித்துவிடலாம். அக்கா கிட்டத்தில் வந்து கண்ணைப் பார்த்து மெதுவாகப் பேச ஆரம்பித்தால் தப்பிக்க வழியே கிடையாது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் கேட்டேன், எப்படிக்கா இவ்வளவு தைரியம் என்று.

"தைரியமா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார். குமராட்சிப் பக்கத்தில் அவருடைய அம்மா நாற்று நட, களை எடுக்கப் போகிறவர். "வயலுக்காரரு இருக்குற வரைக்கும் எங்கம்மா வாயே தொறக்காது. என்னா பேச்சு பேசுனாலும் குனிஞ்சி நடும். வூட்டுக்கு வந்தப்புறம் திட்டும் பாரு, அவரு பாட்டன் பூட்டன்லேந்து ஆரம்பிச்சி. கேக்கறது யாரு? நானும் என் தம்பியும். அவருக்குப் போவ வேண்டிய திட்டயெல்லாம் சின்ன வயசுலேந்து நாங்கதான் வாங்குனோம். சில நாள் அடியும் சேத்து. எங்களுக்கு எதுக்கு அது?"

சொல்லிவிட்டு டப்பாவை மூடினார்.

இந்தக் குணத்தால் நல்லது மட்டுமே நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். இடுப்பெலும்பு முறிந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது மருமகள். மருமகள் வெளியே போன நேரத்தில் பாட்டி அக்காவிடம், "பழைய கஞ்சியத்தான் சுட வெச்சி குடுக்குறா" என்று முணுமுணுத்தது. மருமகள் திரும்பி வந்ததும் அக்கா நேராகக் கேட்டுவிட்டார். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனவள்தான், ரெண்டு நாளைக்கு அந்தக் கட்டில் பக்கம் யாருமே வரவில்லை. அக்கா கடலூரிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்து ஊட்டினார். பாட்டி சாப்பிட்டது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே சாப்பிட்டது. "எனக்கு இருந்தது ஒருத்தி. அவளையும் வெரட்டிட்டியே" என்றது.

குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம், "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்று கேட்டேன்.

"தெரியலடி" என்றார். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஆனா அது சொன்னது பொய்யில்ல."

பதிவுக் கட்டணம் ஏறியது இதற்கெல்லாம் பிறகு. நர்சுகள் சென்னையில் இருக்கும் அலுவலகத்தில் பேரைப் பதிந்துகொண்டால்தான் நர்ஸ். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வாங்குகிற தொகையைத்தான் ஏற்றியிருந்தார்கள். அதுவும் கொஞ்சநஞ்சமாக ஏற்றவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு அது கடுப்பு. எங்கள் மாதிரித் தனியார் இடத்தில் இருப்பவர்களுக்கு அடி. எங்கள் சம்பளத்தைக் கேட்டால் டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணே சிரிப்பாள்.

உடை மாற்றும் அறை அன்று கொதித்தது.

"கம்மல கழட்ட வேண்டியதுதான்" என்றார் எங்களில் மூத்த சிஸ்டர் ஒருவர்.

"டாக்டருங்களுக்கு இது காலைல பாக்குற மொத ரெண்டு பேஷண்ட் காசு. நமக்கு அப்பிடியா?"

"கட்டி என்னா கெடைக்கப் போவுது? சம்பளத்த ஏத்திக் குடுன்னு அவுங்க ஒரு லெட்டர் போட்டாங்களா?"

ஸ்டெல்லா குவைத்துக்குப் போக முயன்றுகொண்டிருந்தாள். "எனக்கு வேற வழியில்ல. வெளிநாட்டுல மொத அதத்தான் கேப்பான்" என்றாள்.

வார்டுப் பக்கம் கையைக் காட்டி ஒருத்தி சொன்னாள்: "தோ, அதுங்களுக்கு மட்டும் ஒண்ணுமில்ல பாரு." அங்கே எங்களைப் போலவே வெள்ளை உடுப்பில் சில பெண்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் படிக்காதவர்கள். ஆறு மாதம் நர்சிங் ஹோமிலேயே பழக்கி, ஊசி போடவும் விட்டிருந்தார்கள். நோயாளிகள் அவர்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களுக்குப் பதிவு கிடையாது. அதனால் கட்டணமும் கிடையாது. சம்பளமும் எங்களில் பாதிதான். ஒரு வகையில் அவர்கள் நிலைமை எங்களைவிட மோசம். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

அக்கா உள்ளே வந்தார். வழக்கம்போலக் கேட்டார்.

"யார் மேல கோவம்?"

கவர்மெண்டு என்றாள் ஒருத்தி. சென்னை ஆபீஸ் என்றாள் இன்னொருத்தி.

"ஆபீஸுன்னா யாரு? அதுல ஒரு ஆளு ஒக்காந்துதான் ஏத்தியிருப்பாரு? அவரு யாரு? போய் கேட்டுட்டு வந்துடுவோம், வாங்க."

நாங்கள் நாலு பேர் அவருடன் சென்னைக்குப் போனோம். பஸ்ஸில் அக்கா என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மரியாதையாகப் பேச வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது என்றார். எங்கள் சம்பளம் எவ்வளவு என்று சொல்வது, படிக்காத பெண்களுக்கு எங்கள் உடுப்பைப் போட்டுவிடுவதை ஏன் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று கேட்பது, கடைசியில் கட்டணத்துக்கு வருவது. எல்லாம் தயார்.

கவுண்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நான் பணத்த வாங்கி ரசீது போடுறவன்மா. என்கிட்ட கேட்டா?" என்றார். மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் இருந்தவர், "இது கமிட்டி முடிவு" என்றார். கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். பல பேர் இருப்பார்கள் என்றார். எங்கே இருப்பார்கள்? கூடும்போது கூடுவார்கள். எப்போது கூடுவார்கள்? அது மேலிடத்துக்குத்தான் தெரியும். மேலிடம் எது? அவர் விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினார். அதற்கு மேல் மாடி இல்லை.

"பதிவு செஞ்சவங்களா நீங்க? புதுப்பிச்சிருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் இல்ல சார். அதப் பத்தித்தான் கேக்க வந்தோம்."

"மொதல்ல கட்டிட்டு வாங்கம்மா. அப்புறம் மனு குடுங்க."

அக்கா படிக்கட்டில் வந்து நின்றார். பக்கத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவரா, இவரா என்று தேடுவது போல இருந்தது. அவர் கையில் கோபம் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை. அந்த மாதிரி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ் பாண்டிச்சேரியைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "மூஞ்சியே இல்லடி அதுக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் முடிவு செய்தார். யார் ஏற்றியது என்று தெரிந்து, அந்த ஆளிடம் ஒரு தடவை கேட்கும் வரைக்கும் கட்டுவதில்லை. நாங்களும் கட்ட மாட்டோம் என்றோம். அதைச் சொன்னபோது எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது. மறு வாரம் கடலூர், விருத்தாசலம் என்று தெரிந்த நர்சுகளுக்கெல்லாம் போன் போட்டோம். எல்லோரும் பாராட்டினார்கள். எத்தனை பேர் கட்டாமல் இருந்தார்கள் என்று தெரியாது.

எங்கள் உறுதி காப்பீட்டுத் திட்டம் வரும் வரைக்கும் நின்றது. காப்பீட்டு அட்டையோடு வருகிற நோயாளிகளைச் சேர்க்க வேண்டுமென்றால் நர்சுகள் எல்லோரும் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். கட்டாதவர்களை வேலையில் வைத்துக்கொள்ள முடியாதாம். பணத்தை நர்சிங் ஹோம் கட்டுமா என்று அக்கா கேட்டார். "உங்க படிப்புக்கு நாங்க ஏன் சிஸ்டர் கட்டணும்?" என்றார் மேனேஜர்.

அந்த வருடம் என் தங்கை கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீடு என் சம்பளத்தை நம்பி இருந்தது. மருந்து அறையில் அக்கா தனியாக இருக்கும்போது போய் நின்றேன்.

"அக்கா, நான் கட்டப் போறேன்."

அவர் கையிலிருந்த மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் பேசுவார் என்று காத்திருந்தேன்.

"உன் மேல கோவம்தான்" என்றார். "ரெண்டு நாள்ல போயிடும். போ."

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

மற்றவர்கள் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் எதிரில் தலையை ஆட்டிவிட்டு, லீவு போட்டுப் போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். மேனேஜர் ஒருநாள் வராந்தாவில் நின்று, "இன்னும் பாக்கி ஒரே ஒருத்தர்தான்" என்று சொன்னபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் இருந்தோம். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"கட்டுனதுக்குக் கோவமில்ல. அவங்கவங்க வூட்டு கஷ்டம் அவங்கவங்களுக்கு. என் பக்கத்துல ஒக்காந்து என் சோத்துல கை வெச்சி சாப்புட்டுக்கினே, கட்ட மாட்டோம்க்கா கட்ட மாட்டோம்க்கான்னீங்களே. நான் என்னா உங்களக் கடிச்சா தின்னுடுவேன்? என்கிட்டயே சொல்ல முடியாத ஆளுங்க, எவன்கிட்ட போய் என்னாத்தக் கேக்கப் போறீங்க?"

ஸ்டெல்லா அழுதாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

அடுத்த மாதத் தொடக்கத்தில் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "நீங்க சொல்றீங்களா, டாக்டர் சொல்றாரா?" என்று அக்கா கேட்டார். டாக்டர்தான் சொல்லச் சொன்னார் என்று பதில் வந்தது.

அக்கா நேராக டாக்டர் அறைக்குப் போனார். நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்று அந்த அறையில் டியூட்டி.

"சார், பத்து வருஷத்துக்கு மேல உங்ககிட்ட வேல பாத்திருக்கேன். நீங்க போன்னா போயிடுவேன். ஆனா நீங்க சொல்லணும்."

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். "மேனேஜர்கிட்ட பேசிக்கோங்க சிஸ்டர்."

"அவரு சொன்னாரு. நீங்க சொல்லுங்க."

டாக்டர் நிமிரவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். அக்கா சுவரோரம் போய் நின்றார். கடைசி நோயாளி போகும் வரை நின்றார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல யூனிஃபார்மில் வந்து நின்றார். டாக்டர் வாயால் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார். ஒரு வாரம் அப்படி வந்தார். அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட விடவில்லை. ஊசி போட்டார், கட்டு மாற்றினார், பெட்பேன் வைத்தார். சம்பளம் இல்லை என்று அவருக்குத் தெரியும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அக்கா நிற்கிற கட்டிலைத் தாண்டிப் போனார். அந்த வாரத்தில் டாக்டருக்கு வயதாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

கடைசியில் டாக்டர்தான் அக்காவைக் கூப்பிட்டார். சமாதானமாகத்தான் பேசினார்.

"ஹெல்ப்பர்னு ரெக்கார்டுல போட்டுக்கறேன் சிஸ்டர். அதே வேல. சம்பளம் மட்டும் கொஞ்சம் கம்மியா வரும். யாருக்கும் பிரச்சன இல்ல."

"அந்த ஆறு மாசப் புள்ளைங்கள அப்பிடித்தான் போட்டிருக்கீங்களா?"

டாக்டர் பேனாவை எடுத்து மூடினார்.

"சார், ஃபீஸு கட்டலன்னுதான் சொன்னேன். நர்ஸு இல்லன்னு நான் சொல்லல" என்றார் அக்கா. "சொல்லுங்க சார். வாயத் தொறந்து சொல்லிடுங்க."

டாக்டர் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தார். "நாளைலேந்து வர வேணாம் சிஸ்டர்."

"சரிங்க சார்" என்றார் அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தீவிர சிகிச்சை அறையில் அவர் பார்த்துவந்த இடத்துக்கு மறுநாள் ஒரு ஆறு மாதப் பெண்ணைப் போட்டார்கள். பதிவைப் புதுப்பிக்காதவரை அனுப்பிவிட்டு, பதிவே செய்ய முடியாதவளை வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நல்ல பெண்தான் அவள், பாவம், மானிட்டர் அலறினால் என்னை ஓடிவந்து கூப்பிடுவாள்.

பிறகு அக்கா அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்துவிட்டேன். பேச்சு விட்டுப்போனது.

தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகுதான் அவரைத் திரும்பப் பார்த்தேன். ஊரில் கரண்ட் இல்லை. ஓல்ட் டவுனில் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டர் வைத்துக் காசுக்கு செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே கூட்டத்தில் அக்கா நின்றிருந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. கையில் ஒரு க்ளினிக்கின் அடையாள அட்டை.

"வேலைல இருக்கீங்களாக்கா?"

"ம். இங்கதான், தனியார் க்ளினிக்கு." என் முகத்தில் இருந்த கேள்வியை அவரே எடுத்துக்கொண்டார். "கட்டிட்டேன்டி. அபராதம் சேத்து ஜாஸ்தியாவே கட்டினேன். வூட்டுக்காரருக்கு மேலுக்கு முடியல. என்னா பண்ண சொல்ற?"

அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கட்டிட்டு மாடிக்கிப் போனேன். இப்ப நான் கட்டுனவதான, இப்ப சொல்லு யாருன்னேன். ஒரு ரூமக் காட்டுனாங்க. உள்ள ஒரு அம்மா இருந்துச்சு. அந்த கமிட்டில இருக்குற அம்மாவாம். நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நம்மாளு."

"என்ன சொன்னாங்க?"

"நாற்காலி போட்டு ஒக்கார வெச்சுது. நான் சொன்னதயெல்லாம் கேட்டுச்சு. நடுவுல பேசவே இல்ல. எனக்கும் வருத்தம்தான் சிஸ்டர், நான் ஒருத்தி சொல்லி கேக்க மாட்டேங்குறாங்கன்னுச்சு. ஆள வுட்டு டீ வாங்கியாரச் சொல்லிக் குடுத்துச்சு. அவ்வளவு தன்மையா பேசுச்சுடி."

ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கிட்டத்தில் போனேன். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த டீய நான் தொடல. எதுர்லயே ஆறிப்போச்சு. குடிங்க சிஸ்டர், குடிங்க சிஸ்டர்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. அப்பிடியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்."

"ஏங்க்கா?"

"குடிச்சிருந்தா கோவம் போயிருக்கும்டி" என்றார்.